கரிக்காரி சுட்ட கிண்ணங்கள்

கருத்தம்மாளுக்குக் கரி மூட்டம் போடுவதுதான் பிழைப்பு. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பை வைத்துவிட்டு நாள் கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மண்பூச்சு வெடித்துப் புகை கசிந்தால் உடனே சேற்றை அள்ளி அப்ப வேண்டும். அசந்தால் கரியெல்லாம் சாம்பல். அதனால் அவளுக்குக் கண் தூங்கினாலும் கை தூங்காது. பரளச்சிப் பக்கம் தபால் கொண்டுபோகும் நான் வெயிலில் சைக்கிளை உருட்டி வரும்போது, கானலில் மூட்டமும் அவளும் தரைக்கு ஒரு முழம் மேலே மிதப்பார்கள்.

1988இல் அவள் தன் புஞ்சையில் கிணறு வெட்டினாள். எட்டடியில் ஒரு பெரிய முதுமக்கள் தாழி வந்தது. உள்ளே எலும்பும் சின்னக் கிண்ணங்களும். அவற்றை டவுன் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் நம்பர் போட்டு எடுத்துப் போனார்கள். இன்னும் இருபதடி போனதும் தண்ணீர் ஊறியது. ஊரே உப்புத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சும் பூமியில் அவளுக்கு மட்டும் நல்ல தண்ணீர். என்ன பிரயோஜனம்? 'பொணத்தண்ணி' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி சந்தனம்மாள்தான். பக்கத்துப் புஞ்சைக்காரி. மூன்று வருஷம் அந்தக் கிணற்றைத் தாண்டிப் போய் உப்புத் தண்ணீர் சுமந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க, தபால்காரரே" என்று கருத்தம்மாள் என்னைத் தினமும் கேட்பாள். இப்போதுதான் குடித்தேன் என்று தினமும் பொய் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற ஜாபேஸ் நான். பயப்படுவதில் மட்டும் ஊரோடு ஒத்து வாழ்ந்தேன். யாராவது ஒருவர் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் மூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "கண்ண மூடுனா ஒரு பொம்பள வாரா. இடுப்புல பானை. ஒண்ணும் பேச மாட்டா, எம்பக்கத்துல உக்காந்து புகையப் பாப்பா. எனக்குப் பயமாவே இல்ல. அவளாச்சும் வாராளே."

அன்றைக்கும் நான் குடிக்கவில்லை.

1991இல் அருப்புக்கோட்டையிலிருந்து கல்லூரி வாத்தியார் ரூபன் வந்தார். தாழியில் இருந்தவர்களும் நம்மைப்போல உண்டு உடுத்தவர்கள்தான் என்று திரை கட்டிப் படம் காட்டினார். மூன்றாவது படத்திலேயே ஊர் தூங்கி விழுந்தது. மறுமுறை வந்தபோது படம் இல்லை. கண்மாய்க் களிமண்ணைக் குவித்தார்.

"சொன்னா ஏறல. அவுக செஞ்ச மாதிரி நாமளும் செஞ்சு பாப்போம்."

சுண்டலும் காப்பியும் உண்டு என்றதும் கூட்டம் கூடியது. சக்கரம் இல்லாமல் ஆளுக்கொரு கிண்ணம் பிடித்தார்கள். சந்தனம்மாளும் ஒன்று பிடித்தாள். நிழலில் காய்ந்தபின், சுடுகிற வேலை கருத்தம்மாளிடம் வந்தது. நெருப்பை ஆளத் தெரிந்தவள் அவள்தானே. கரித்தூளைப் பரப்பி, கிண்ணங்களை வாய் கவிழ்த்து வைத்து, விறகு அடுக்கி மண் பூசினாள்.

"கீழ நாலு தொளையும் தொறந்தே இருக்கட்டும். காத்துப் போனாத்தான் செவக்கும்" என்றார் ரூபன்.

உச்சி வெயிலில் எல்லோரும் வேப்பமரத்தடியில் சுண்டல் தின்றோம். அவள் மூட்டத்தடியிலேயே கண்ணயர்ந்தாள். அந்தப் பானைக்காரி அன்றும் வந்திருப்பாளோ என்னவோ. துளைகளில் புகை கசிந்தது. தூங்காத கை சேற்றை அள்ளி நான்கையும் அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பிரித்தால், அடிப்பக்கம் சிவப்பு. உள்ளும் விளிம்பும் கன்னங்கரேல்.

"கரிக்காரி தொட்டா கிண்ணமும் கரியாத்தான் போகும்" என்றாள் சந்தனம்மாள். கூட்டம் சிரித்தது. கருத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றோரம் போய் உட்கார்ந்தாள். இனி ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று நானும்தான் நினைத்தேன்.

ரூபன் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். தாழிக்குள் இருந்தது. அதே கறுப்பு, அதே சிவப்பு.

"இத எப்பிடிச் சுட்டாகன்னு மூணு வருசமாச் செஞ்சு பாக்குறேன். எனக்கு வரல. இவுக கைக்குத் தூக்கத்துல வந்திருக்கு."

கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போனது. பெண்கள் தங்கள் கிண்ணங்களோடு வைத்துப் பார்த்தார்கள். பழையது எது, புதியது எது என்று தெரியாமல் கலந்துபோனது. புதுச் சட்டி என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம்: முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரை ஒரு வாய் குடித்து மண்வாசனை போனதா என்று பார்ப்பார்கள். சந்தனம்மாள் தன்னுடையது என்று ஒன்றை எடுத்து, கிணற்றோரம் இருந்த வாளியில் மொண்டாள். கொட்டினாள். மறுபடி மொண்டு ஒரு வாய் குடித்தாள். குடித்த பிறகுதான் அது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கு உறைத்தது.

"அம்மா, அதக் கவுத்துப் பாருங்க" என்றார் ரூபன், மெதுவாக.

மீதித் தண்ணீர் தரையில் வழிந்தது. அடியில் மையால் எழுதிய நம்பர் இருந்தது. அவள் பிடித்த கிண்ணமில்லை, தாழிக் கிண்ணம். ரூபன் அதை வாங்கக் கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். சந்தனம்மாள் உள்ளே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைக் கருத்தம்மாளிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஒங்கையால இன்னுங் கொஞ்சம் ஊத்து."

கருத்தம்மாள் வாளியைத் தூக்கினாள். அவசரமாகச் சாய்த்ததில் பாதித் தண்ணீர் சந்தனம்மாளின் சேலையில் கொட்டியது. அவள் திட்டவில்லை. கிண்ணத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.