அக்காவின் மூக்குத்திப் பூ

பிள்ளைகளே, பல்கனித் தொட்டியில் தானாக முளைத்த செடியைக் காட்டி, "புல்லு அப்பா, பிடுங்கி எறியுங்கோ" என்றீர்கள். அது மூக்குத்திப் பூ. வெள்ளவத்தையில் இந்த மாடிவீடு எழும்புவதற்கு முன், இதே இடத்தில், ரயில் பாதையோரம் இருந்த எங்கள் பழைய வீட்டின் உப்பு மணலில், ரோசாக்கள் கருகிப்போன இடத்தில், என் அக்கா அதைத்தான் வளர்த்தாள்; மழையில்லாத மாதங்களிலும் அது பூக்கும், தண்டவாளத்தில் கோச்சி கடகடத்துப் போகும்போதெல்லாம் அத்தனை பூவும் ஒருபக்கம் சாய்ந்து நிமிரும்.

"தண்ணி ஊத்தாதையடா, கொழுத்துப்போய்ப் பூக்காது" என்று என்னை விரட்டுவாள். பின்னேரங்களில் ஒரு பூவை எச்சில் தொட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு, "கலியாணப் பொம்பிளை எப்பிடி?" என்பாள்.

"கோயில் மாடு மாதிரி."

கலியாணமாகிக் கனடா போனவள், திரும்பி வராமலே அங்கே கண்மூடிவிட்டாள்.

நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, பிடுங்க மனம் வராமல், ஒரு பூவை மட்டும் கிள்ளி, எச்சில் தொட்டு என் மூக்கில் ஒட்டிக்கொண்டு, கோச்சி கடந்து போகும்வரை பல்கனியில் நின்றேன்.