ஏரியைக் கவிழ்க்கிற சாம்சன்

ஓர் ஏரியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கக்கூடியவர் மூவுலகிலும் ஒருவர்தான்: பென்னலூர் சாம்சன். இதோ, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய கேமராவின் பின்கண்ணாடியில் வானம் கீழே கிடக்கும். ஏரி மேலே தொங்கும்.

கேமரா என்றால் சட்டைப்பைச் சாமான் இல்லை, கோழிக்கூண்டு அளவு; நிற்பது மூன்று கால் ஸ்டாண்டின் மேல். ஒரகடம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், சரக்கு அடுக்கும் பேலட்டுகளின் உடைந்த கட்டைகளைக் கேட்டு வாங்கி இழைத்துப் பூட்டியது. லென்ஸ், செத்துப்போன ஒரு ஜெராக்ஸ் மெஷினுடையது. ஃபிலிமுக்கு எக்ஸ்ரே தாள். கம்ப்யூட்டருக்கு மாறிய ஸ்கேன் சென்டர் ஒன்று சும்மா கொடுத்த பெட்டி. எது கிடைத்தாலும் "ஸ்தோத்திரம்" என்பார். மேகம் வந்தால் ஒன்று, காற்று நின்றால் ஒன்று, ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று. படம் கறுப்பு வெள்ளைதான். "கலருன்னா பாத்துட்டு போயிக்கினே இருப்பான். கறுப்பு வெள்ளைன்னா கொஞ்சம் நிப்பான்டா."

மழையில் வல்லக்கோட்டைப் பக்கத்து ஏரி ஒன்று விளிம்புவரை நிரம்பியது. பதினோரு தாள் வீணானபின் பெட்டியில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் ஏரி படமாகாது.

அந்தக் கடைசித் தாளோடு அவர் போன ஞாயிறன்று, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டுப் பஞ்சர் ஒட்டப் போனவனும், இதை எழுதுகிறவனுமான ஒருவன், வேடிக்கை பார்க்கக் கூடவே போயிருந்தான். அங்கிருந்த டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டான்: "ஏரிய அளக்க ஆபீசர் வந்துகீறாரு. துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு கணக்கு போட்றாரு."

இந்தப் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தாலே கும்பல் கூடிவிடும். ஸ்டாண்டு வந்தால் பின்னாலேயே அளவுக்கல் வரும். கல்லுக்குப் பின்னால் கம்பெனி வரும். இருபது பேர் ஓடி வந்தார்கள். முன்னால் ஏரியோரம் கழனி வைத்திருந்த ராஜம்மா, அவர் பின்னால் அவருடைய ஆடு. வதந்தி கிளப்பியவன் சிரிப்பை அடக்கப் பனங்கன்றுகளுக்குள் பதுங்கினான்.

"யோவ், இன்னாய்யா அளக்கிற? எங் கயனில கல்லு நட்டது பத்தாதுன்னு..." ராஜம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. பனங்கன்றுகளுக்குள் சிரிப்பும் நின்றது.

"அளக்கலக்கா. படம். நீயே வந்து பாரு," என்று துணியைத் தூக்கினார் சாம்சன்.

உள்ளே போன தலை அலறியது: "அடப்பாவி! ஏரிய கவுத்து வச்சிக்கினு கீறியே!"

கரையெங்கும் சிரிப்பு. ஆனால் ஒருவரும் நகரவில்லை. மேகமோ விலகத் தொடங்கியிருந்தது.

"சரி, அல்லாரும் நடந்துகினே இருங்க. நாப்பது எண்ணுறேன். நடக்கிறவங்க படத்துல விழமாட்டீங்க. நின்னாதான் விழுவீங்க."

"அப்ப நா நிக்கிறேன்," என்றார் ராஜம்மா. "எங் கயனில அசையாம நிக்கிறேன். எந் நெலம்னு அதுவாச்சும் சொல்லட்டும்."

சாம்சன் லென்ஸ் மூடியைக் கழற்றினார். "ஒரு பேலட், ரெண்டு பேலட்..." அவர் நொடிகளை அப்படித்தான் எண்ணுவார். நாற்பதாவது பேலட்டில் மூடினார். ஸ்தோத்திரம்.

அடுத்த ஞாயிறு படத்தோடு பஞ்சர் கடைக்கு வந்தார். நிறைந்த ஏரி. நடந்த பத்தொன்பது பேர் இருந்த சுவடே இல்லை. கரையோரம் ராஜம்மா மட்டும், எவராலும் பிடுங்க முடியாத கல்லாக.

"அந்தக்கா இல்லன்னா இது வெறும் தண்ணிடா. வூட்டுக்குப் போயி ஒரு படம் குடுத்தேன், அழுவுது, சிரிக்குது. அன்னிக்கி எவன் கெளப்பிவுட்டானோ, அவனுக்கும் ஸ்தோத்திரம்."

"எவன்ணே அவன்? நா டீ குடிச்சிட்டு அப்பவே குன்றத்தூர் போயிட்டேனே!"

சாம்சன் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் இடது ஓரத்தில் வைத்தார். பனங்கன்றுகளுக்கு நடுவே ஒருவன் குந்தியிருந்தான். படத்துக்குள் ஓடிவிடாதபடி ராஜம்மாவின் ஆட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். ஆடு திமிறியதில் அதன் தலை புகையாகிப் போயிருந்தது. பிடித்தவன் முகமோ மூக்கு நுனிவரை தெளிவு.

சாம்சன் எழுந்து நின்று, சூப்பர்வைசருக்குக்கூட வைக்காத ஒரு சலாம் வைத்தார்.