கொழுந்தைக் கொட்டிய இளவரசி

பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கிய என் மகள், முதுகில் இருந்த பையைக் கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள்:

“அப்பா, லயத்துல இளவரசி இருக்க முடியாதா?”

அப்போது அவளுக்கு ஏழாவது பிறந்தநாள் வர ஒரு மாதம் இருந்தது. அவளோடு படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலில், இளவரசி வேஷம் போட்டுப் பிறந்தநாள் விழா நடந்திருக்கிறது. அந்தப் படங்களை வகுப்பில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். என் மகள், “நானும் என் பொறந்தநாளுக்கு இளவரசி ஆவேன்” என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு யாரோ, “நீ இருக்கிறது தோட்டத்து லயம். அங்க எப்படி அரண்மனை வரும்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

“யார் சொன்னா முடியாதுன்னு?” என்றேன். “நீ பாரு. அப்பா செஞ்சு காட்டுறேன்.”

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றுகிற வேலை செய்பவன். குடியிருப்பது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அதாவது லயத்தில். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டேன். அன்றிலிருந்து யார் யாருக்கோ தலையைக் குனிந்துதான் வந்திருக்கிறேன். என் மகள் ஒரே ஒரு நாளாவது யாருக்கும் குனியாமல் உட்கார வேண்டும், மற்றவர்கள் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்தேன். இந்தக் கதையைக் கேட்கிற பிள்ளைகளே, அந்த ஆசையில் தப்பு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை நான் எப்படிச் செய்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கொழுந்து எடுக்கிறார். அவர் கணவர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறார். அவர்களுடைய மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. இருவரும் ஒரே வேனில் ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டு போய் வருவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள்.

அரண்மனைக்கு அட்டைப்பெட்டிகள் தந்தவர் அந்த அக்காவின் கணவர்தான். கோஸ் ஏற்றுகிற பெரிய பெட்டிகள். அவற்றைப் பிரித்து, பசை தடவி ஒட்டி, சுவர் உயரத்துக்கு நிறுத்தினேன். என் மனைவி ரிங்லெட்டில் பழைய துணிக்கடையில் ரோஸ் நிறத் திரைச்சீலை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, கவுன் தைக்க உட்கார்ந்தாள். பிஸ்கட் டின் மூடியை வெட்டி நான் கிரீடம் செய்தேன். தகரம் நெற்றியைக் கீறாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்துத் துணி சுற்றினேன்.

அரண்மனைச் சுவரில் என்ன வரைவது என்றுதான் தெரியவில்லை. நான் அரண்மனையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பெரிய வீடு மேட்டில் இருக்கும் பங்களா ஒன்றுதான். வெள்ளைச் சுவர், கறுப்புக் கட்டை, சிவப்புக் கூரை, புகைபோக்கி. அதையே வரைந்து சாயம் பூசினேன்.

“அப்பா, இது துரை பங்களா,” என்றாள் மகள்.

“அரண்மனையும் இப்படித்தான்மா இருக்கும்.”

அவள் நம்பிவிட்டாள். நானும்தான்.

சாயம் காய்ந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் வாசலில் வந்து நின்றாள். “மாமா, நான் யாரு?”

“நீ இளவரசியோட தோழி.”

“தோழி என்ன செய்வா?”

“இளவரசி என்ன சொல்றாளோ அதைச் செய்வா.”

அதற்கே அவள் குதித்தாள். உள்ளே தைத்துக்கொண்டிருந்த என் மனைவி மட்டும் தலையைத் தூக்கி, “துணி மிச்சம் இருக்குங்க. அதுக்கும் ஒரு கவுன் தச்சிடுறேன். ரெண்டு பேரும் இளவரசியா இருந்துட்டுப் போகட்டுமே,” என்றாள்.

“ஒரு அரண்மனைக்கு ஒரு இளவரசிதான்லா,” என்றேன். “எல்லாரும் இளவரசின்னா அப்புறம் என்னா மதிப்பு?”

என் மனைவி மிச்சத் துணியை மடித்து வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மகளுக்குப் பழக்கம் கொடுத்தேன். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கையை நீட்ட வேண்டும். “இளவரசி யாருக்கும் குனிய மாட்டா. எல்லாரும் வரிசையா வந்து கூடையில பூ குடுப்பாங்க. நீ எந்திரிக்கக் கூடாது.”

“அவங்ககிட்ட எப்படிப் பேசணும்?”

“அதிகாரமா பேசணும். தோட்டத்துல பெரியவங்க எப்படிப் பேசுறாங்கன்னு பார்த்திருக்கல்ல? அந்த மாதிரி.”

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, லயத்துக் கடைசி வீடு தெரியவில்லை. ஆனாலும் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் மகளோடு படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் தானா ராத்தாவிலிருந்து தங்கள் அம்மாக்களோடு காரில் வந்து இறங்கினார்கள். அட்டை அரண்மனையைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“யாரு செஞ்சது? நீங்களா, அங்கிள்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எங்கப்பாதான்,” என்று என் மகள் நாற்காலியிலிருந்தபடியே சொன்னாள். எழுந்திருக்கவில்லை. பழக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா காலையிலேயே கேசரி கிண்டிப் பெரிய தட்டில் கொண்டு வந்து வைத்திருந்தார். “என்னா தம்பி, மகளுக்குக் கல்யாணமே முடிச்சிருவீங்க போல,” என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தோம்.

பூ கொடுக்கிற நேரம் வந்தது. பூப்பண்ணையில் கழித்துப் போடுகிற செவ்வந்திகளை ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னக் கூடை. தோழிதான் முதலில் போக வேண்டும். அக்கா மகள் இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எண்ணி வைத்து நடந்து போய் நீட்டினாள்.

என் மகள் கூடைக்குள் கையை விட்டாள். அடியில் இருந்த ஒரு பூவை எடுத்தாள். ஓரம் பழுப்பாகியிருந்தது. அதை எல்லாருக்கும் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்தாள்.

“என்னா இது?” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “பூவா, இல்ல மாட்டுக்குப் போடுற புல்லா? கண்ணு தெரியலையா?”

கூடையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். காலால் பூக்களைப் பரப்பினாள்.

“பொறுக்கு. ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கு. எனக்கு நேரம் இருக்கு.”

டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் லயத்துக்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேசரி வாங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏனென்றால் அந்த வார்த்தைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, கொழுந்து நிறுக்கிற நிறுவைக் கொட்டகையில், எங்கள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி அவற்றைச் சொன்னார். சொன்னது அந்த அக்காவிடம். மழையில் எடுத்த கொழுந்தில் கொஞ்சம் முத்தல் இலை கலந்துவிட்டது. அதற்காக அவருடைய மூட்டையை அவிழ்த்து, முழுவதையும் சிமெண்டுத் தரையில் கொட்டி, காலால் பரப்பி, “கொழுந்தா, இல்ல மாட்டுக்குப் போடுற புல்லா?” என்றார். முத்தலைப் பொறுக்கச் சொன்னார். எங்கள் அக்கா அத்தனை பேருக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார்.

அந்த நேரம் பள்ளிக்கூட வேன் பின்னால் வந்து, எங்கள் லோரி வழியை அடைத்திருந்ததால் நின்றது. அதில் இரண்டு பிள்ளைகளும் ஒரே ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் லோரியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கங்காணி என்னை அண்ணாந்து பார்த்து, “எப்படி?” என்பதுபோல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை, பிள்ளைகளே. அவர் சிரித்தார் என்பதற்காகச் சிரித்தேன். ஜன்னலில் இருந்த என் மகளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அவள் பார்த்தது ஒருவர் கொட்டுவதை, ஒருவர் பொறுக்குவதை, அவளுடைய அப்பா சிரிப்பதை. பெரியவர்கள் பேசுகிற மாதிரி பேசு என்று நான் சொன்னதற்கு அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

அக்கா மகளும் அதே ஜன்னலில்தான் இருந்தாள். அதனால் அவளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவள் அழவில்லை. பாவாடையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு, அம்மா உட்கார்ந்த மாதிரியே குந்தி உட்கார்ந்து, பழுப்புப் பூக்களைத் தனியாகப் பொறுக்கி வைக்க ஆரம்பித்தாள்.

அக்கா வந்து அவள் தோளைத் தொட்டார். “எந்திரிம்மா. வீட்டுல வேலை இருக்கு.”

“இன்னும் முடியலம்மா.”

“போதும். எந்திரி.”

என்னைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்றார். “நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, தம்பி,” என்றார். கத்தவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரல்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

என் மகள் நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்தாள். “அப்பா, நான் சரியாத்தானே செஞ்சேன்?”

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். காரில் வந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தட்டி, “சரி சரி, கேக் வெட்டலாம் வாங்க,” என்றேன். லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துப் பாட்டுப் பாடி, கேக் வெட்டி, படம் பிடித்தோம். படத்தில் என் மகள் உண்மையான இளவரசி மாதிரியே இருக்கிறாள்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அக்கா, பிள்ளை தெரியாமச் செஞ்சிருச்சு. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“பிள்ளை மேல எனக்கென்ன கோவம்? அது பார்த்ததைச் செஞ்சிச்சு,” என்றார் அவர். “அன்னைக்கு லோரி மேல நின்னு பல்லக் காட்டுனது பிள்ளை இல்லையே.”

அக்கா கதவில் கை வைத்தார்.

“மன்னிப்பெல்லாம் வீட்டு வாசல்ல வேணாம், தம்பி. என் மூட்டையக் கொட்டுன எடத்துல, கொட்டுன ஆளு நிக்கும்போது, நான் சிரிச்சது தப்புன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் என் மக உங்க வீட்டுப் பக்கம் வராது.”

கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி செய்தது அநியாயம், அவள் அதைப் போல் செய்தது தப்பு, அதைவிடப் பெரிய தப்பு என்னுடைய சிரிப்பு என்று சொன்னேன். அவள் கவுனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்க ஏன் சிரிச்சீங்க?”

“பயம்மா.”

“எதுக்குப் பயம்?”

கங்காணி லோரி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டால் பூச்சிமருந்தடிக்கிற வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “அப்பா போய்ச் சொல்லிடுறேன்,” என்று மட்டும் சொன்னேன்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது அக்கா மகள் வேனில் டிரைவர் பக்கத்தில் உட்காருகிறாள். என் மகள் பின் சீட்டில் தனியாக வருகிறாள். நான் தினமும் நிறுவைக் கொட்டகைக்குப் போகிறேன். அக்கா வரிசையில் நிற்கிறார். கங்காணி தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நான் மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிறேன். அக்காவின் மூட்டை வரும்போது அவர் என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். நான் மூட்டையைத்தான் பார்க்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மகள் கேட்கிறாள், “இன்னைக்குச் சொல்லிட்டீங்களா அப்பா?”

“இன்னைக்கு ஒரே மழைம்மா,” என்கிறேன்.

வெயில் அடித்த நாட்களிலும் அதையே சொல்லியிருக்கிறேன். அவள் வெளியே எட்டிப் பார்ப்பாள். போன வாரத்திலிருந்து கேட்பதையும் விட்டுவிட்டாள்.