நவம்பர் தாள்

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவன். செயற்கைக்கோள் அனுப்பும் தரவை வைத்துக்கொண்டு, தென்மாவட்டத்து நகரங்களின் காற்று மாதத்துக்கு மாதம் எப்படி அழுக்காகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஊர்ப்புழுதியைப் பார்க்க வானத்துக்கா போகணும் என்று சிவகாசியில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அக்கா மட்டும் செய்யவில்லை. அவளுக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன.

பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் மருந்து அடைத்தவள். இளைப்பு வந்துவிட்டது. புகையும் தூசியும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதால், மச்சானைச் சிவகாசியில் விட்டுவிட்டு ஆனைக்குட்டம் கிராமத்தில் அம்மாவோடு இருந்தாள்.

"எந்த மாசம் காத்து நல்லாருக்கும்னு பாத்துச் சொல்லுலே. அந்த மாசமாவது எங்க வீட்டுல போயி இருந்துக்கிறேன்" என்றாள் போனில்.

முந்தின வருஷத் தரவை வைத்து மாதத்துக்கு ஒன்றாகப் படம் போட்டு மச்சானுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மச்சான் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுபவர். பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். சீசன் ஆர்டர்களுக்கு நடுவே முதலாளியிடம் கெஞ்சி, வழவழப்பான தாளில் படங்களை அடித்து, மேலே தகரப்பட்டி போட்டு, காலண்டராகவே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்திருக்கிறார். ஓரங்களை அழகாக வெட்டியிருந்தார். அச்சகத்தில் ஓரம் என்றால் கழிவு. எந்தத் தாளும் ஓரத்தோடு வெளியே போகாது.

அந்த ஓரத்தில்தான் நிறங்களுக்கு விளக்கம் இருந்தது. சிவப்பு என்றால் அழுக்கு, மஞ்சள் என்றால் பரவாயில்லை. வெள்ளை என்றால் மேகம் மறைத்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் ஊரை மேலிருந்து பார்ப்பதற்குள் உயிர் போய்விடும், அவ்வளவு மேகம். நவம்பர் தாளில் சிவகாசி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மை படாத இடம் அச்சகத்துக்காரருக்குச் சுத்தமான இடம்தானே? அந்த வருடம் தீபாவளியும் நவம்பரில் வந்தது. புகையாக இருக்குமே என்று அம்மா தடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"மழை எல்லாத்தையும் அமுக்கிரும்மா. தம்பி படத்துல எம்புட்டு வெள்ளையா இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டாளாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளிக்கு நான் வரும்போது வீட்டு வாசலில் நின்று அசத்த நினைத்தாளாம்.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நான் வரவில்லை. அன்று மழை பெய்யவில்லை. ஈரக்காற்றில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே கிடந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, மச்சானின் தோளில் சாய்ந்தபடி அக்கா போய்விட்டாள்.

நான் வந்து சேர்ந்தபோது காலண்டர் சுவரில் தொங்கியது. வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சுவருக்குக் கீழேயே உட்கார்ந்து கத்தி அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து மச்சான் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கேட்டார்.

"மாப்பிள, படத்து ஓரத்துல பொடி எழுத்துல இங்கிலீசுல என்னமோ கெடந்துச்சு. வெட்டிட்டேன். முக்கியமானதா?"

அவர் கண்களைப் பார்க்க முடியவில்லை.

"எங்க காலேஜ் பேரு மச்சான். அம்புட்டுதான்."

"அப்ப சரி" என்றார்.

மறுவாரம் வேலைக்குப் போனார். புது வருஷத்துக் காலண்டர்கள் கட்டுக்கட்டாகக் காத்துக் கிடந்தன. ஓரம் வெட்ட ஆள் வேண்டியிருந்தது.