கடையே சிரித்த ஒரு வார்த்தை

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை யார் முகத்திலும் வைப்பதற்கு முன் முடிதிருத்தும் அத்தா தன் கன்னத்தில் ஒருதரம் ஒற்றிப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சலூன் பெஞ்சிலேயே பாடம் படித்து, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவர் மகள் அதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் தவறியதில்லை.

ஆனால் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்கு அந்தப் பரிசோதனை கிடையாது. கடை கலகலவென்று இருக்க வேண்டும் அவருக்கு.

போன மாதம் தையல்காரர் ஒருவர் வந்து தொப்பியைக் கழற்றினார். தலையில் திட்டுத்திட்டாகத்தான் முடி இருந்தது.

"என்ன மச்சான், எலி மேஞ்சிடுச்சா? பாதிக் காசு குடு, போதும்!"

கடையே சிரித்தது. தையல்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் கொட்டிய முடி என்று பிறகுதான் தெரிந்தது. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அத்தா வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் நெஞ்சு வலி வந்தது. இன்று ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொழுகையை விட்டதுக்கு அல்லாஹ்கிட்ட அழுதுக்கலாம். மனுஷனை நோகடிச்சதுக்கு அந்த மனுஷன்தாம்மா மன்னிக்கணும். போய்க் கேட்டுட்டு வந்துடு."

"நீங்க நல்லாகி வந்து கேளுங்கத்தா."

"வரலேன்னா?"

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. தையல் கடைக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டும் தையல்காரர் மிஷினை நிறுத்தவில்லை.

"சொன்னது பத்துப் பேரு முன்னால. மன்னிப்புக் கேக்க மட்டும் பொண்ணா?"

நியாயம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்தார்.

"எழுந்து வரச் சொல்லும்மா. நேர்ல கேக்கட்டும். டீ வாங்கிக் குடுத்தே மன்னிச்சு விடறேன்."

திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி. மன்னித்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் என்ன? நிம்மதியாக உள்ளே போவாரே. இரக்கத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்தானா? விடை கிடைப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"நேர்ல வரச் சொன்னாருத்தா. டீ வாங்கித் தர்றாராம்."

"அப்ப இன்னும் மன்னிக்கலை," என்றார் அத்தா. கதவு மூடிக்கொண்டது.

அவர் திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு வாசலில் வரிசை நின்றபோது சின்னத்தா குரலெடுத்துக் கேட்டார்: "எங்க அண்ணன்கிட்ட யாருக்காவது ஏதாச்சும் பாக்கி இருந்தா சொல்லிடுங்க. மனசு நோகுற மாதிரி பேசியிருந்தா மன்னிச்சிடுங்க."

உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் கடைசி வரிசையைப் பார்த்தாள். தையல்காரர் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் தலையை நிமிர்த்தினார். அதற்குள் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள்.

தொழுகை முடிந்ததும் வெளியே வந்து தேடினாள். அவர் போய்விட்டிருந்தார். மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அத்தா தன் வாயால் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு கேட்கப்படாமலே நிற்கிறது.