பெய்தோனுக்கு நட்ட கல்

குரோத்தோன் துறைமுகத்தில் கயிறு திரித்த பெய்தோன் நாற்பத்தொரு வயதில் செத்துவிட்டதாகச் சபையார் கல் நட்டார்கள். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் அவர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்.

சாமோஸ் தீவிலிருந்து வந்த ஆசானின் சபையில் சேர்ந்தால் ஐந்து வருடம் வாய் திறக்கக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குரலை மட்டும் கேட்க வேண்டும். முகம் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். பெய்தோனும் அவருடைய சிறுவயதுச் சிநேகிதர் கெலியாஸும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து மொச்சையும் தொடக் கூடாது. அதற்குள் செத்தவர்களின் உயிர் தங்கியிருக்கலாமாம்.

வானத்தில் கோள்கள் சுற்றும்போது இசை எழுகிறது, பிறந்தது முதல் கேட்பதால் நமக்கு அது உறைப்பதில்லை என்று ஒருநாள் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதன் பிறகு பெய்தோன் தலையைச் சாய்த்தபடியேதான் புரி முறுக்குவார். கடலும் கயிறும் மூச்சும் ஒரே ஓசையாகிவிட்ட மாதிரி முகம் இருக்கும்.

ஐந்து வருடம் முடியப் பதினேழு நாள் இருந்தது. பெய்தோனுக்கு நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த கெலியாஸின் கழுத்தில் தேள் ஏறியது.

"கெலி, தேளு. அசையாத."

திரைக்குள் குரல் நின்றது.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே கல் நட்டார்கள். சபையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர்களுக்குச் செத்தவர். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான் என்பதால் கல்லைப் படித்துச் சொல்லப் பெய்தோன் என்னைக் கூட்டிப்போனார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"ஹெர்மோன் மகன் பெய்தோன், போய் வருகன்னு."

"பேரு சரியா இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்ப சரி."

அவர் மனைவி நிகாசோ அன்றைக்கே மொச்சை வேகவைத்தார். "தின்னுய்யா. பொணத்துக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலையே."

"உள்ள எங்கப்பன் இருந்தா?"

"இருந்துட்டுப் போறாரு. உசுரோட இருந்தப்பவும் இந்த வீட்ல சும்மாதான உக்காந்திருந்தாரு."

ஆசானின் முகம் பார்க்காமல் போனதைக்கூடப் பெய்தோன் பெரிதாக நினைக்கவில்லை. சந்தையில் எதிரே வரும்போது கெலியாஸின் பார்வை, புகைக்குள் புகுந்து போவதுபோல், அவரைக் கடந்து போகும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரு வார்த்த பேசிட்டான்னா போதும் தம்பி."

"செத்தவன்கிட்ட எவன்யா பேசுவான்?" என்பார் நிகாசோ.

வசந்தத்தில், இறந்தவர்களுக்குப் பாலும் தேனும் ஊற்றும் நாள் வந்தது. நான் பத்தடி தள்ளி என் அப்பாவின் கல்லருகே புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பெய்தோன் தன் கல்லின் பின்பக்கம் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கெலியாஸ் குடுவையோடு வந்தார். அந்தக் கால்களைப் பார்த்தார். பாலை ஊற்றிவிட்டுக் கல்லின் முன்னால் உட்கார்ந்தார்.

"பெய்தோனு, எம் பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கான். உன்ன மாதிரியே காது பெருசு. அப்பறம், ஆசான் மொகத்தப் பாத்தேன்டா. சாதாரண மொகந்தான்."

பெய்தோன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். செத்தவர் பதில் சொல்லிவிட்டால் கெலியாஸ் எழுந்து போக வேண்டியிருக்கும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த நாட்களைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வசந்தம்தோறும் இது நடந்தது. பெய்தோன் உண்மையாகவே போனபோது, "இன்னொரு கல்லு எதுக்கு, இருக்கிறதே போதும்" என்றார் நிகாசோ. கல்லின் பின்பக்கம், அவர் முதுகு பட்டுப் பட்டு வழவழப்பான இடத்துக்குக் கீழே புதைத்தோம். கெலியாஸ் குடுவையோடு வந்து, கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, பின்பக்கம் போய் உட்கார்ந்தார்.