இரும்புக்கு விட்ட தையல் அலவன்ஸ்

டாக்டர் சொன்னது என்னவோ ஓடாத சைக்கிளைத்தான். வீட்டுக்குள் ஒரே இடத்தில் நிற்கிற அந்த மாதிரி சைக்கிள் ஒன்றை வாங்கிப் போட்டு, என் வீட்டுக்காரர் தினமும் மிதித்தால் இடது கால் சீக்கிரம் தேறும் என்றார். இவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என் காதருகே குனிந்து, "போகாத சைக்கிள வெச்சு என்ன பண்றது அம்மிணி?" என்றார்.

காதருகே குனிந்ததற்குக் காரணம் உண்டு. வாதம் வந்ததில் இடது கையும் காலும் பலம் குறைந்ததோடு நாக்கும் தடித்துப் போயிருந்தது. அவர் பேசுவது எனக்கு ஒரு சொல் பிசகாமல் புரியும். மற்றவர்களுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஃபோனில் யாரோ, "ஏனுங்க, காலங்காத்தாலயே போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். அந்தப் பாவி யாரென்று இவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? அன்றோடு வெளியாள் முன்னால் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக ஒரு ஹாலையே தன் குரலால் நடத்திய மனுஷன், கேஸ் சிலிண்டர் போட ஆள் வந்தால்கூட உள்ரூமுக்குப் போய்விடுவார். கை கால் கிடக்கட்டும், நான் பயந்தது இதற்குத்தான். இப்படியே விட்டால் என்னைத் தவிர உலகத்தில் யாரிடமும் பேசாமலே இருந்துவிடுவார் என்று தோன்றியது.

அவர் கேட்ட போகிற சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. மண்ணரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பிசிறு வெட்டி மடிப்பதற்காக நான் கம்பெனியிலிருந்து வாங்கி வரும் டீ-ஷர்ட் பண்டல்களை அதில்தான் அடுக்குவேன். அந்தச் சுவரில் அவருடைய பழைய கியர் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. மலையில் ஓட்டுகிற ரகம். பட்டை டயர், நேர் ஹேண்டில், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற இரும்பு பிரேம். தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கியது. என்னைப் பெண் பார்க்க அதில்தான் வந்தார். எங்கப்பா வாசலில் அதைப் பார்த்துவிட்டு, "கியரு வெச்சு மிதிக்கற அளவுக்கு நம்மூருல மலை எங்கீங்க மாப்ள இருக்குது?" என்று கேட்டு மானத்தை வாங்கினார். பழைய இரும்புக்குப் போடச் சொல்லி நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். நல்லவேளை, அந்த விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

கீழே இறக்கிப் பார்த்தால், ஐயோ சாமி, துருவென்றால் அப்படியொரு துரு. ஆனால் மேல்துருதான். ஸ்பேனரால் தட்டியபோது பிரேம் கணீரென்றது. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. துடைக்கத் துணிக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? பனியன் வேஸ்ட்டை அள்ளிப் போட்டு உட்கார்ந்தோம். செயினை டீசலில் ஊறப்போட்டோம். சக்கர வளையத்துத் துருவுக்கு, சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. சீட் பைப்தான் உயிரை வாங்கியது. பிரேமுக்குள் துருவோடு துருவாகப் பிடித்துக்கொண்டு அசையவே மாட்டேன் என்றது. நாள் தவறாமல் ஆயில் விட்டோம். அவர் பிரேமை மடியில் போட்டு ஒற்றைக் கையால் அணைத்துக்கொள்வார், நான் சீட்டைப் பிடித்துத் திருகுவேன். "உங்களாட்டவே இருக்குதுங்க, சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று நான் திட்டத் திட்டச் சிரிப்பார். ஒரு நாள் கிரீச்சென்று அது திரும்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழையபடியே ஆக்குவதில் அர்த்தமில்லை, இப்போதைய உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். குனிந்து ஓட்ட முடியாது என்பதால் நேர் ஹேண்டிலை எடுத்துவிட்டுப் பின்பக்கம் வளைந்த ஹேண்டில் போட்டோம். இடது கையால் பிரேக் பிடிக்க முடியாது. இரண்டு பிரேக் கம்பியையும் ஒன்றாக இழுக்கிற பிடியைச் சைக்கிள் கடைக்காரர் தேடிக் கொடுத்தார். கியரும் வலது கையில் மட்டும். முரட்டு டயர் போய் வழுவழு டயர் வந்தது. சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்ததும் அவர்தான், ஒற்றைக் கையால் கம்பி கம்பியாக முடுக்கி.

மிச்சம் இருந்தது இடது கால். பெடலில் வைத்தால் நழுவிக்கொண்டே இருந்தது. பாதம் முழுக்கப் பதிகிற மாதிரி, குதிகாலுக்குத் தடுப்போடு ஒரு இரும்புத் தட்டு வேண்டும். கட்டிங்குக்குப் பேட்டர்ன் வரைகிற கெட்டி அட்டையை எடுத்து வரச் சொன்னார். அவர் காலை அதன்மேல் வைத்து நான் பிடித்துக்கொள்ள, சுற்றி வரைந்து, அவரே கத்தரித்துக் கொடுத்தார். நான் அதை முதலிபாளையத்தில் இருக்கிற வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அட்டை எப்படியோ அப்படியே வேண்டும் என்றேன். பட்டறைக்காரரும் மயிரிழை பிசகாமல் செய்து கொடுத்தார்.

கொண்டுவந்து மாட்டினோம். யானைக்குச் செய்த மாதிரி இருந்தது. சைக்கிளைத் திருப்பினால் முன்சக்கரத்தில் இடித்தது. எனக்கு வந்ததே கோபம். பட்டறைக்காரரை நாலு வார்த்தை கேட்பதற்காக ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். இவர் அட்டையை எடுத்துத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அப்புறம் அட்டையின்மேல் தன் காலை வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இடம்.

"தப்பு எம்மேலதான் அம்மிணி" என்றார். "தையலுக்கு விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"தையல்ல மடியறதுக்குன்னு கை தானா சுத்தியும் அலவன்ஸ் விட்டுப் போடுச்சு. சலவையில சுருங்குமுன்னு அதுக்கும் சேத்து."

"ஏனுங்க, இரும்பு சுருங்குமுங்களா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோண, கண்ணில் நீர் வழிய, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி ஒரு சிரிப்பை நான் அவர் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்னால் பார்த்தது.

சிரித்து முடித்துவிட்டு, "வண்டிய எடு, நானும் வாரேன்" என்றார். கம்பெனியில் அது ஒரு வழக்கம். கட்டிங்கில் தப்பு என்றால் கட்டிங் மாஸ்டர்தான் நேரில் போய் நிற்க வேண்டும், ஆளை அனுப்பக் கூடாது. அதற்காகவே கிளம்பினார். ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து முதலிபாளையம் வந்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "வாங்க அண்ணாச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். இவர் சொல்ல ஆரம்பித்தார். நாக்கு மடங்கியது. "என்னது அண்ணாச்சி?" என்றார் அவர். இவர் திரும்பச் சொன்னார். பக்கத்தில் கிரைண்டர் சத்தம் வேறு. "வெளங்கலையே அண்ணாச்சி." அவர்மேல் தப்பில்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் இவர் முகம் சுருங்கிவிட்டது. சாக்பீஸை வாங்கித் தட்டின்மேல் கோடு போட்டுவிட்டு, போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மீதியை நான்தான் சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் என் தோளில் இருந்த கை மட்டும்தான் பேசியது. அந்தக் கிரைண்டரைத் தூக்கி ரோட்டில் வீசலாம்போல இருந்தது எனக்கு.

தட்டு சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளைச் சந்தில் இறக்கினோம். ஏறுவதுதான் பெரும்பாடு. நான் சைக்கிளை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, அவர் வலது காலில் நின்று, இடது காலைக் கையால் தூக்கிக் குறுக்குப் பைப்புக்கு அந்தப் பக்கம் போட்டு, சீட்டில் உட்கார்ந்தார். முக்கு வரைக்கும் போய்த் திரும்புவது என்றுதான் பேச்சு. "புடிக்காத, உடு" என்றார். விட்டேன். இரண்டு ஆட்டம் ஆடியது. அப்புறம் நேராகிப் போனது. முக்கில் வளைந்து மறைந்தது.

திரும்பி வரவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். மெயின் ரோட்டில் லாரி வரும், டெம்போ வரும், ஷிப்ட் விட்ட பிள்ளைகள் கூட்டமாக வரும். கண்டதையும் நினைத்துக்கொண்டு முக்கைத் தாண்டினால், அங்கே டீக்கடை முன்னால் இருக்கிறார். இறங்கவில்லை. வலது காலைக் கடைப் படிமேல் ஊன்றி, தோளைத் தூணில் சாய்த்து, சீட்டில் உட்கார்ந்தபடியே கையில் டீ கிளாஸ்.

"உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? முக்கு வரைக்குந்தான பேச்சு?" நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

"எறங்குனா மறுபடி ஏத்தியுட நீ வேணுமில்ல? அதான் ஒக்காந்தே குடிக்கறேன்" என்றார். காதருகே குனிந்து அல்ல, எல்லார் முன்னாலும்.

பிறகு டீ மாஸ்டர் பக்கம் திரும்பி, "இன்னொரு டீ, சக்கரை கம்மியா" என்றார்.

"என்னங்க?" என்றார் மாஸ்டர்.

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். இவர் கிளாஸைப் படாரென்று பலகைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், இரு என்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய ஹாலில் கத்துவாரே, அந்தச் சத்தத்தில் சொன்னார்.

"டீ. சக்கரை கம்மி. எங்கூட்டு அம்மிணிக்கு."

"சரிங்க, சரிங்க" என்று மாஸ்டர் பால் சட்டியைத் திறந்தார்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். மாஸ்டர் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார்.

"செரியா இருக்குதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"செரியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரை வரைக்கும் குடித்தேன்.